ஞானதுரைக்கு இல்லாத பக்கம்

மஞ்சள் உச்சிமாகாளிக்கு, சிவப்பு ஞானதுரைக்கு. மூன்று வாரமாக அப்படித்தான், மாற்றிக்கொள்ளவில்லை. நஸீமா நீலப் பலகையைக் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் நடுவில் மேஜைமேல் நிறுத்தினாள். நிற்கிற பலகை. ஏழு பத்தி, பத்திக்கு ஆறு ஓட்டை. மேலே பிளவில் காயைப் போட்டால் சறுக்கிக்கொண்டு போய்க் கீழே நிற்கும். நிமிர்ந்தோ படுத்தோ சாய்ந்தோ நாலு காய் சேர்த்தவன் ஜெயித்தான், அவ்வளவுதான். பெட்டியில் ஆறு வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. உச்சிமாகாளிக்கு அறுபத்தெட்டு. ஆறு வயதுப் பிள்ளை ஆடுகிற ஆட்டத்துக்கு விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டார், சவம். "கடைசி நாள், ரெண்டு பேரும் ஒழுங்கா ஆடணும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள். ஒழுங்காவா. வேண்டுமென்று சொன்னாளா. இல்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் அவள் முகமே காட்டிக்கொடுத்துவிடும். பக்கவாதம் வந்தவர்களின் கையையும் காலையும் மறுபடி பழக்குகிற இந்தப் பாளையங்கோட்டை மாடியில் பன்னிரண்டு பேருக்கு அவள் ஒருத்தி. ஒருவர் பந்தை உருட்டுகிறார், ஒருவர் சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டுகிறார், அவள் எங்கே இந்த மேஜையைப் பார்த்தாள். பார்த்தது உச்சிமாகாளி மட்டும்தான். இப்போது பார்க்க இன்னொருத்தன் வந்து உட்கார்ந்திருக்கிறான். ஞானதுரையின் மகன் ஆல்வின், பெங்களூரிலிருந்து. பிளாஸ்டிக் நாற்காலியை அப்பாவின் வலது தோளுக்குப் பின்னால் போட்டு, போனை மடியில் கவிழ்த்து வைத்திருக்கிறான். சாயங்காலம் ரயிலுக்கு டிக்கெட் போடவேண்டும். ஒரு டிக்கெட்டா இரண்டா என்பதுதான் கேள்வி. அப்பாவைக் கூடக் கூட்டிக்கொண்டு போய் எட்டாவது மாடியில் வைத்துக்கொள்வதா, சாயர்புரத்து வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போவதா. ஞானதுரை வந்ததிலிருந்து அதையேதான் பேசிக்கொண்டிருக்கிறார். "ஏலே ஆல்வின், நல்லா பாத்துக்க. இவரு யாரு தெரியுமா, பி.டி. சார். கபடி நடுவரு. இந்த மண்டைக்கு எதுத்தாப்ல ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கதுக்கு மூளை இருக்குன்னா, ஒரு வீட்டுல தனியா கஞ்சி வச்சுக் குடிக்க மாட்டனா?" "ஆடுங்கப்பா. பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றான் மகன். பார்த்துவிட்டுச் சொல்லப்போகிறானாம்.

"நாந்தான் மொத" என்று ஞானதுரை சிவப்பை நடுப்பத்தியில் போட்டார். டக். உச்சிமாகாளி இடது கையால் மஞ்சளை எடுத்துப் பக்கத்துப் பத்தியில் போட்டார். நல்ல பக்கம். ஞானதுரைக்கு வலது பக்கம், கண் போகிற பக்கம். இன்றைக்கு அங்கேயே ஆடிவிடுவது. தோற்றால் தோற்றுக்கொள்வது. அங்கே ஆடினால் தோற்பார், அதில் சந்தேகமில்லை, முதல் வாரம் ஏழு ஆட்டம் வரிசையாகத் தோற்றவர்தானே. ஞானதுரை சாதாரண ஆள் இல்லை. முப்பது வருஷம் லாரி புக்கிங் ஆபீஸில் எந்த வண்டி எங்கே எப்போது திரும்பும் என்று மனசுக்குள்ளேயே வைத்திருந்த ஆள். மூன்று காய்க்கு அப்பால் பார்ப்பார். வலது பக்கத்தில். "வலது கை சார், வலது கை" என்று தூரத்திலிருந்து நஸீமா சத்தம் கொடுத்தாள். அதுதான். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. செத்துக்கிடந்த வலது கையால் காயைப் பிடித்துப் போடவேண்டும், அதுதான் இவருக்குப் பயிற்சி. விரல் கொக்கி மாதிரி மடங்கிக்கொண்டு நிற்கும், தோள் எழும்பாது. எட்டாவது ஆட்டத்தில் அந்தக் கை எட்டியது வலது ஓரத்துப் பத்திக்குத்தான். வேறு எங்கும் எட்டவில்லை, அதனால் அங்கே போட்டார். மறுபடியும் அங்கேயே. எதிரெதிரே உட்கார்ந்தால் இவருடைய வலது ஓரம் ஞானதுரைக்கு இடது ஓரம். நாலு மஞ்சள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றது. ஞானதுரை தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமில்லை, பார்க்கவேயில்லை. பலகையை மேய்ந்த அந்தக் கண் பாதியில் நின்று திரும்பிவிட்டது, அதற்கப்பால் சுவர் இருக்கிற மாதிரி. "காயைப் போட்டீராவே, இல்ல முழுங்கிட்டீரா?" என்று கேட்டார். உச்சிமாகாளி நாலு விரலைக் காட்டினார். காட்டிவிட்டு, ஏன் அப்படிச் செய்தார், அந்தக் கணத்தில் அந்தக் கை ஏன் அங்கே போனது, பலகையின் அடியில் இருக்கிற கம்பியை இழுத்துவிட்டார். காயெல்லாம் கொட்டிப்போனது. எங்கே நாலு என்று யாரும் பார்க்கவில்லை. "நாலா? சரிதான். நடுவரு சொன்னா அப்பீல் கெடையாது" என்று ஞானதுரை ஒரு கையால் தொடையில் தட்டி, "ஏட்டி நஸீமா, பி.டி. சார் ஜெயிச்சிட்டாரு!" என்று கத்தினார். பந்து உருட்டினவர், பித்தான் மாட்டினவர், எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு கையால் எப்படித் தட்ட முடியுமோ அப்படி. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நாலு தோசை தின்றார். பெண்டாட்டி கோமு, "என்ன இன்னைக்கு முகத்துல ரத்தம் ஓடுது" என்றாள். சொல்ல வாய் வரவில்லை. வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்.

வாய் வரவில்லை, வாய் வரவில்லை. எத்தனை நாள் அதையே சொல்லிக்கொண்டிருப்பது. வாதம் அடித்ததில் இவருக்குக் கையோடு பேச்சும் போனது. ஞானதுரைக்குப் பேச்சு நிற்கவில்லை, இடது பக்கம் போனது. கை கால் மட்டுமில்லை, இடது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே போனது. கண்ணில் கோளாறு இல்லை என்று நஸீமா அவரிடம் விளக்கிச் சொன்னதை இவர் கேட்டிருக்கிறார். "கலங்கரை விளக்கம் மாதிரி தலையைத் திருப்பிக்கிட்டே இருக்கணும் அங்கிள், விளக்கு ஞாபகம் இருக்கட்டும்" என்பாள். ஞானதுரை கடலோரத்து ஆள், விளக்கு என்றதும் பிடித்துக்கொண்டார். அவள் காகிதத்தில் நட்சத்திரம் போட்டு நீட்டினால் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஆட்டி ஒன்று விடாமல் சுழித்துவிடுவார். போன திங்கட்கிழமை முழு மார்க். நல்லா தேறிட்டீங்க அங்கிள் என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆனால் ஆட்டம் சூடு பிடித்தால் விளக்கு அணைந்துவிடும். பேச்சு சூடு பிடித்தாலும் அப்படித்தான். அது உச்சிமாகாளிக்குத் தெரியும். தெரிந்துகொண்டு என்ன செய்தார்? இட்லி சாப்பிடும்போது தட்டில் பாதியைத் தின்றுவிட்டு, "ரெண்டே இட்லி வச்சு ஏமாத்துதானுவ" என்று ஞானதுரை வையும்போது, எட்டித் தட்டைத் திருப்பி வைத்தார். மிச்ச இரண்டு இட்லியும் எதிரில் வந்ததைப் பார்த்து, "யாருவே வச்சா?" என்று அந்த மனுஷன் சந்தோஷப்பட்டார். தட்டைத் திருப்பத் தெரிந்த கைக்குப் பலகையைத் திருப்பத் தெரியவில்லையா. ஐந்து சொல் மிச்சம் இருக்கிறது: ஆமா, வேண்டாம், தண்ணி, போ, சவம். இடது என்பது அதில் இல்லை. ஒருநாள் சொல்லிப் பார்த்தார், பெஞ்சு என்று வந்தது. ஞானதுரை சிரித்தார். உச்சிமாகாளிக்கு உள்ளுக்குள் என்ன வந்தது? நிம்மதி. சொல்லிப் பார்த்தாகிவிட்டது, வரவில்லை, இனி என் பொறுப்பு இல்லை என்று ஒரு நிம்மதி. விரல் இல்லையா உனக்கு? அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அந்த ஓரத்தைக் காட்ட ஒரு விரல் போதுமே. காட்டவில்லை. காட்டினால் மறுநாளிலிருந்து தோற்கவேண்டும். முப்பத்தோரு வருஷம் விசில் ஊதினவர். ஒரு கோயில் கொடைக்கு நடந்த கபடியில் சொந்த ஊர் ஆள், குதிகால் கோட்டை உரசியது, ஒரு நெல் அளவு, வேறு யாரும் பார்க்கவில்லை. ஊதினார். ஊர் தோற்றது. கல்லெடுத்து விரட்டினார்கள், வாழைத் தோட்டத்துக்குள் ஓடினார், சட்டை கிழிந்தது. அந்தக் கிழிசலைத் தைக்காமல் வைத்திருந்து எத்தனை பேரிடம் காட்டியிருப்பார். தூ. அந்த மனுஷனை நம்பித்தான் ஞானதுரை அப்பீல் இல்லை என்றார்.

"எங்கவே இருக்கீரு, ஆடும்" என்றார் ஞானதுரை. ஏழு காய் விழுந்திருந்தது, எல்லாம் நடுவிலும் ஞானதுரையின் வலது பக்கத்திலும். சிவப்பு இரண்டு சாய்ந்து ஏற ஆரம்பித்திருந்தது. இப்படியே விட்டால் இன்னும் ஐந்தாறு காயில் ஞானதுரை ஜெயிப்பார். மகன் பார்ப்பான், அப்பாவுக்கு மூளை தெளிவாக இருக்கிறது என்பான். ஒரு டிக்கெட் போதும் என்பான். எல்லாருக்கும் சந்தோஷம். இவருக்கும்தான், நேர்மையாகத் தோற்ற சந்தோஷம். கையைக் கழுவிக்கொண்டு போய்விடலாம். அந்தக் கிணறு மட்டும் இல்லாவிட்டால். ஞானதுரை அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாத நாள் இல்லை. பின்வாசலில் இறங்கினால் முருங்கை, முருங்கையைத் தாண்டினால் கக்கூசு, திரும்பி வரும்போது கிணறு. "பழைய கெணறு, சுவரு முழங்கால் ஒசரந்தான், தண்ணி கல்கண்டு." எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை. உச்சிமாகாளி மேஜையில் தண்ணீரால் கோடு போட்டுப் பார்த்திருக்கிறார். போகும்போது வலது என்றால் வரும்போது இடது; எப்படியும் ஒரு தடவை அவருக்கு இல்லாத பக்கம். யோசித்துப் பார்த்துவிட்டுத் தண்ணீரைத் துடைத்துவிட்டார். அன்றைக்கும் ஜெயித்தார். அந்தக் கோட்டைத் துடைத்த கை இன்னும் ஈரமாக இருக்கிற மாதிரி வேட்டியில் துடைத்துக்கொண்டார். மகனிடம் சொல்ல வாய் இல்லை. விரலால் காட்டலாமா? காட்டினால் என்ன புரியும்? இந்தக் கிழவன் எதையோ காட்டுகிறான் என்பான். ஞானதுரை விளக்கு மாதிரி தலையைத் திருப்பி, "என்ன அங்க? ஒண்ணுமில்லியே" என்பார். சோதனை என்று தெரிந்தால் அவர் எப்போதும் பாஸ். தெரியாமல் இருக்கும்போது பார்க்கவேண்டும், ஆட்டத்தில் மூழ்கிக் கிடக்கும்போது. வேறு வழி கிடையாது. எல்லாரும் பார்க்க, அந்த ஓரத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக, நாலு. கண் இருக்கிற எவனும் தவறவிடமாட்டான். அப்படி ஜெயித்தால் தெரிந்துவிடும். ஞானதுரைக்கு என்ன இல்லை என்பதும் தெரியும், உச்சிமாகாளி எப்படி ஜெயித்துவந்தான் என்பதும் தெரியும். இரண்டும் ஒரே நாலு காயில். ஆகா, நல்ல நியாயம் கண்டுபிடித்தாயே. அவருக்கு நல்லது செய்வதற்காகத்தான் ஜெயிக்கப்போகிறாயோ. இரண்டு வாரமாக எதற்கு ஜெயித்தாய்? அந்தக் கேள்வியை நேராகப் பார்க்க முடியவில்லை. வலது கை தானாக மடியிலிருந்து எழும்பியது. "அப்படித்தான் சார், சூப்பர்!" என்றாள் நஸீமா தூரத்திலிருந்து. ஓரத்துப் பிளவில் காய் விழுந்தது. டக்.

"போட்டீராவே, முழுங்கிட்டீரா?" ஆல்வின் சிரித்தான். அப்பாவின் கிண்டல் என்று நினைத்துக்கொண்டான். ஞானதுரை பலகையை மேய்ந்தார், நடுவில் நின்றார், திரும்பினார், சிவப்பை மூன்றாவதாகச் சேர்த்தார். படுக்கை வரிசையில் மூன்று. இதைத் தடுக்கத்தான் வேண்டும். உச்சிமாகாளி இடது கையால் தடுத்தார். "பாத்தியாலே, எலி மாதிரி வந்து அடைக்காரு." ஞானதுரை இன்னொரு பக்கம் போட்டார். உச்சிமாகாளி வலது கையை எழுப்பினார். இரண்டு. தோளில் வலி ஏறிக் கழுத்துக்குப் போனது. கோமு எண்ணெய் போட்டுத் தேய்ப்பாள், தேய்த்துக்கொண்டே சத்தமாகப் பேசுவாள், காது செவிடு மாதிரி. எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். பழைய மாணவன் ஒருத்தன், இப்போது டி.எஸ்.பி., வந்து காலைத் தொட்டுவிட்டுக் குழந்தையிடம் பேசுகிற மாதிரி "சாப்டீங்களா சார்ர்ர்" என்றான். ஞானதுரை ஒருத்தர்தான் இவரைக் கள்ளன் என்றும் எலி என்றும் வைதவர். ஆள் மாதிரி நடத்தினவர். அவரிடம்தான் இதைச் செய்தது. சிவப்பு விழுந்தது. மூன்றாவது மஞ்சளைப் போட்டபோது ஆல்வினின் சிரிப்பு நின்றிருந்தது. அவன் அந்த ஓரத்தைப் பார்க்கிறான். அப்பாவின் பிடரியைப் பார்க்கிறான். மறுபடி ஓரத்தை. "அப்பா, அந்தப் பக்கம்..." "சும்மா இருலே! ஆடுதவனுக்குத் தெரியாதா?" என்றார் ஞானதுரை. "ஓரம் சாரம் எல்லாம் பாத்தாச்சு." பார்த்தாச்சாம். சிவப்பைச் சாய்வில் மூன்றாவதாக ஏற்றினார். அடுத்த காயில் அவருக்கு நாலு. ரொம்ப நல்ல ஆட்டம், குறையே சொல்ல முடியாது. பலகை அங்கேயே முடிந்திருந்தால் அவர்தான் ராஜா. உச்சிமாகாளி நாலாவது மஞ்சளை வலது கையில் எடுத்தார். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் அது நிற்கவில்லை. நழுவியது, மேஜையில் பட்டு, தரையில் உருண்டு, ஆல்வினின் செருப்பில் போய் முட்டி விழுந்தது. அப்பாடா என்று இருந்தது. வேண்டாம், இது வேண்டாம், விழுந்தது விழுந்ததாக இருக்கட்டும், வேறு காயை எடுத்து அந்தச் சாய்வை அடைத்துவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது. ஆல்வின் குனிந்து எடுத்தான். உடனே கொடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு, மூன்று மஞ்சளையும் பார்த்தான், இவரைப் பார்த்தான். அந்தப் பையனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பிறகு எழுந்து வந்து, மேஜையைச் சுற்றி இவர் பக்கம் வந்து, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்தக் காயை உள்ளே வைத்தான். "போடுங்க சார்" என்றான், மெதுவாக. குரல் உடைந்திருந்தது. "என்னலே, எதிராளிக்கு எடுத்துக் கொடுக்க? பெத்த அப்பனைக் காட்டிக் கொடுக்கியா?" ஞானதுரை குஷியாக இருந்தார். உச்சிமாகாளி போட்டார்.

நாலு விரலைக் காட்டவில்லை. கை பழக்கத்தில் அடியில் இருக்கிற கம்பிக்குப் போனது, விரல் கம்பியைத் தொட்டும்விட்டது, குளிர்ந்து இருந்தது. இழுத்துவிட்டால் கொட்டிப்போகும், ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஞானதுரை தன் சிவப்பை எடுத்து நிதானமாக, ருசித்து, சாய்வின் உச்சியில் போட்டார். "நாலு! ஏலே, நாலு! பி.டி.யை விழுத்தாட்டியாச்சு! கடைசி நாள்ல விழுத்தாட்டியாச்சுலே!" தொடையில் தட்டினார். பந்து உருட்டினவர் தட்டப்போனார், ஆல்வினின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். யாரும் தட்டவில்லை. நஸீமா வந்துவிட்டாள். வந்து பலகையைப் பார்த்தாள், அவள் வாய் லேசாகத் திறந்தது. ஞானதுரையின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "அங்கிள், விளக்கு." "எதுக்கு? ஆட்டந்தான் முடிஞ்சிட்டே." "விளக்கு அங்கிள்." அவர் திருப்பினார். கழுத்து மெதுவாகத் திரும்பியது, நடுப்பத்தியைத் தாண்டியது, அதற்கடுத்ததைத் தாண்டியது, உச்சிமாகாளி அந்த முகம் திரும்பத் திரும்பத் தன் முதுகில் கல் விழுகிற மாதிரி குறுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதற்கு அந்த வாழைத் தோட்டமே பரவாயில்லை. முகம் ஓரத்துக்கு வந்து நின்றது. ஞானதுரை ஒரு விரலை நீட்டி ஒவ்வொரு மஞ்சளாகத் தொட்டார், கீழிருந்து மேலே. சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது, எடுக்க மறந்துவிட்ட மாதிரி. மகனைப் பார்க்கவில்லை, நஸீமாவைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தார். "இது எப்பப் போட்டீரு?" என்றார். அப்புறம் அதற்குப் பதில் தேவையில்லை என்கிற மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு, "முந்தாநாளும் இங்கதானா?" என்றார். "ஆமா." "போன வாரம்?" "ஆமா." "எல்லாமா?" அந்தச் சொல் ஒன்றுதான் தடங்கல் இல்லாமல் வருகிறது, எழவு, இன்றைக்குப் பார்த்து எவ்வளவு சுத்தமாக வருகிறது. "ஆமா." ஞானதுரை உச்சியிலிருந்த மஞ்சளை விரலால் மறுபடி தொட்டுப் பார்த்தார். "நல்ல ஆட்டக்காரருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுக் கெடந்தேனேவே" என்றார். கோபம் இல்லை. கோபப்பட்டு அந்தப் பலகையைத் தூக்கி மூஞ்சியில் எறிந்தால் என்ன, எறியக்கூடாதா. தன் இடது கையை வலது கையால் தேடித் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மகன் நிற்கும் பக்கம் பார்க்காமலே, "ஆல்வினு, ரெண்டு டிக்கெட்டாப் போட்டுரு" என்றார். "சரிப்பா." "சன்னல் ஓரம் கேளு." "சரிப்பா." நஸீமா எழுந்து சுவர்ப்பக்கம் போய் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். உச்சிமாகாளி ஏதாவது சொல்லவேண்டும். ஒரு சொல் போதும். மன்னிச்சிரும் என்று ஒரு சொல். அந்தக் கிணற்றைப் பற்றிப் பிறகு எப்படியாவது விளக்கிக்கொள்ளலாம், இல்லை, விளக்கவே வேண்டாம், விளக்கினால் அது வேறு பித்தலாட்டம். உதட்டைக் கூட்டி வைத்தார். கண்ணோ, என்ன சொன்னாலும் கேட்காமல், நீலப் பலகையின் ஓரத்தில் அடுக்கி நின்ற நாலு மஞ்சளிலேயே இருந்தது. ஜெயிச்சது ஜெயிச்சதுதான் என்று உள்ளே ஒன்று, நாய் மாதிரி, வாலை ஆட்டிக்கொண்டு சொன்னது. அதைக் கேட்டதும் முகம் காதுவரை சுட்டது. வாயைத் திறந்தார். ஆல்வின் போனிலிருந்து நிமிர்ந்தான், ஞானதுரையும் திரும்பிப் பார்த்தார், எல்லாரும் காத்திருந்தார்கள்.

"ஆமா" என்றார் உச்சிமாகாளி. யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.